மேட்ரிக்ஸ் குழு முரண்டு பிடிக்கும்போது: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

மேட்ரிக்ஸ் என்பது, வேறு வேறு சர்வர்களில் கணக்கு வைத்திருப்பவர்களும் ஒரே அறையில் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் அரட்டை முறை. சில ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஐந்து தமிழ்க் குழுக்களின் மேட்ரிக்ஸ் அறைகளைத் தொண்டூழியராகப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் குடியிருப்போர், ஒரு சிறுகதை வாசிப்புக் குழு, வார இறுதித் தமிழ் வகுப்புப் பெற்றோர், தங்கும் விடுதி ஊழியர்களுக்கான ஆங்கில வகுப்பு, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு உழைப்பவர்கள் என்று ஐந்து வகை மனிதர்கள். சிலருடைய கணக்கு நாங்களே நடத்தும் சிறிய சர்வரில் இருக்கிறது. சிலர் வெளிநாட்டுப் பொதுச் சர்வர்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் வீட்டிலேயே சர்வர் நடத்துகிறார்கள்.

ஒரே குறைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொன்னதையே சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் சர்வர் சினாப்ஸ் மென்பொருளில் ஓடுகிறது, உறுப்பினர்கள் பெரும்பாலும் எலிமென்ட் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். வேறு மென்பொருள் வைத்திருந்தால் பொத்தான்களின் இடம் மாறும், தேடும் வரிசை மாறாது.

## எதையும் தொடுவதற்கு முன்

மேட்ரிக்ஸ் அறைக்குத் தலைமையகம் கிடையாது. உறுப்பினர்கள் எத்தனை சர்வர்களிலிருந்து வந்திருக்கிறார்களோ, அத்தனை சர்வர்களிலும் அந்த அறையின் பிரதி ஒன்று இருக்கும். ஆகவே “அறை வேலை செய்யவில்லை” என்று யாராவது சொன்னால், யாருடைய பிரதி வேலை செய்யவில்லை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். செய்தி தெரிகிறவர்கள் இடப்பக்கம், தெரியாதவர்கள் வலப்பக்கம். ஒவ்வொருவருடைய முழுப் பயனர்பெயரையும், அதாவது ‘@’ குறியில் தொடங்கி முக்காற்புள்ளிக்குப் பின் சர்வர் பெயருடன் முடிவதை, அப்படியே எழுதுங்கள். வலப்பக்கத்தில் எல்லாரும் ஒரே சர்வர்க்காரர்கள் என்றால் கோளாறு சர்வர்களுக்கு நடுவில். ஒரே ஒருவர்தான் என்றால் கோளாறு அவருடைய கருவியில். பல சர்வர்க்காரர்கள் கலந்து நின்றால் அறையின் அமைப்பைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக் குறைகளின் விடை இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

அவசரத்தில் செய்யக்கூடாதவை இரண்டு உண்டு. செயலியிலிருந்து லாக் அவுட் செய்யாதீர்கள். மறையாக்கம் உள்ள அறைகளில், அதாவது உறுப்பினர்கள் மட்டும் படிக்கும்படி செய்திகளைப் பூட்டி அனுப்பும் அறைகளில், அவற்றைத் திரும்பத் திறக்கும் மீட்புச் சாவி இல்லாவிட்டால் பழைய செய்திகள் போய்விடும். நிர்வாகியாக இருப்பவர் “வெளியேறித் திரும்பி வந்து பார்க்கிறேன்” என்று அறையை விட்டுப் போகவும் கூடாது. அழைப்பு இருந்தால்தான் நுழையலாம் என்ற அறையில், போனவரைத் திரும்ப அழைக்க யாரும் இல்லாமல் போகலாம்.

## “அறையைத் தேடினேன், அப்படி ஒன்றே இல்லை என்கிறது”

முகவரி. அறை முகவரி ‘#’ குறியில் தொடங்கும், முக்காற்புள்ளிக்குப் பின் சர்வர் பெயர் வரும். சில கைப்பேசி விசைப்பலகைகள் முக்காற்புள்ளிக்குப் பின் தாமாகவே இடைவெளி விட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் இடைவெளி போதும், அறை கிடைக்காது. முகவரியைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல் இணைப்பாகவோ கியூஆர் குறியீடாகவோ அனுப்புங்கள்.

அறைப் பட்டியல். ஒவ்வொரு சர்வரும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எங்கள் பட்டியலில் உள்ள அறை வெளிநாட்டுச் சர்வர்க்காரர் தேடும்போது தானாக வராது. தேடும் பெட்டியில் எங்கள் சர்வரைத் தேர்ந்தெடுத்தால்தான் வரும்.

நுழையும் விதி. அமைப்புகளில் “அழைக்கப்பட்டவர்கள் மட்டும்” என்று இருக்கிறதா பாருங்கள். புதிதாக உருவாக்கும் தனி அறைகள் அப்படித்தான் தொடங்கும்.

முகவரி தந்த சர்வர் போய்விட்டது. பலருக்கு இது தெரிவதில்லை. அறை எந்த ஒரு சர்வருக்கும் சொந்தமில்லை, ஆனால் அறையின் முகவரி சொந்தம். முக்காற்புள்ளிக்குப் பின் எந்தச் சர்வரின் பெயர் இருக்கிறதோ, அந்தச் சர்வர் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், அந்த முகவரியைப் பிடித்துப் புதிதாக வருகிறவருக்கு வாசல் கிடைக்காது. சிறுகதைக் குழுவில் இதுதான் நடந்தது. குழுவைத் தொடங்கிய அண்ணன் தன் வீட்டுச் சர்வரை மூடிவிட்டார். ஒன்பது மாதம் கழித்துப் புது வாசகர் ஒருவர் வரப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தீர்வு எளிது. வேறு சர்வரில் இருக்கும் நிர்வாகி ஒருவர் தன் சர்வரின் பெயரில் இன்னொரு முகவரியைச் சேர்த்து, அதையே முதன்மை முகவரியாக வைத்தால் போதும். எல்லா அறைகளுக்கும் முதல் நாளிலேயே இரண்டு முகவரிகள் வையுங்கள்.

பிறவியிலேயே பூட்டிய அறை. அறையை உருவாக்கும்போது “இந்தச் சர்வருக்கு வெளியே உள்ளவர்கள் சேர முடியாது” என்ற தெரிவு ஒன்று உண்டு. அதை அழுத்தியிருந்தால் பிறகு மாற்றவே முடியாது. மணிக்கணக்கில் தேடாதீர்கள், புதிய அறையைத் திறந்து எல்லாரையும் அழையுங்கள்.

சர்வரே வெளியிலிருந்து தெரியவில்லை. மற்றச் சர்வர்களால் உங்கள் சர்வரை அடைய முடிகிறதா என்று சோதிக்கும் ஃபெடரேஷன் டெஸ்டர் என்ற இணையப் பக்கத்தில் உங்கள் சர்வர் பெயரைக் கொடுங்கள். பிற சர்வர்கள் உங்களைத் தேடி வருவது போர்ட் 8448 என்ற இணைப்பு வாசல் வழியாக. அது மூடியிருந்தால், ‘வெல்-நோன்’ என்னும் சிறிய கோப்பின் மூலம் போர்ட் 443க்குத் திருப்பிவிடலாம். அந்தக் கோப்பில் ஒரு மேற்கோள் குறி விடுபட்டாலும் பயனில்லை. வீட்டில் சர்வர் நடத்துபவர்கள் ரௌட்டர் காட்டும் ஐபி எண்ணையும் வெளியே தெரியும் ஐபி எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் உங்கள் இணைப்பு பலருடன் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கிறது, வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. தனி ஐபி தர முடியுமா என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள், அல்லது வாடகைச் சர்வருக்குப் போங்கள்.

எப்போது ஆளை அழைப்பது: டெஸ்டர் பச்சை காட்டியும் ஒரு குறிப்பிட்ட சர்வர்க்காரர்கள் மட்டும் சேர முடியாவிட்டால். அப்போது பார்க்க வேண்டியது அவர்களுடைய சர்வரை. அதை நடத்துபவருக்கு எழுதுங்கள்.

## “நான் அனுப்பியது அவர்களுக்குப் போகவில்லை”

என்னை அதிகம் வருத்திய அறிகுறி இது. ஒரு சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பின் இடம் மாறியது. ஆசிரியை முந்தைய இரவே அறையில் அறிவித்துவிட்டார். எங்கள் சர்வரில் கணக்கு வைத்திருந்த பெற்றோர் புதிய இடத்துக்குப் போனார்கள். வெளிச் சர்வரில் இருந்த பெற்றோர் பிள்ளைகளோடு பழைய புளோக்கின் கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். ஆசிரியையின் திரையில் செய்தி ஒழுங்காகப் போனதாகத்தான் காட்டியது. அவருடைய செய்தி எங்கள் சர்வர் வரை வந்து சேர்ந்துவிட்டதே! அதற்கு அப்பால் போகவில்லை என்பதை அவர் எப்படி அறிவார்?

தாளை எடுங்கள்.

ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால் அவர் இணையத்தில் இருக்கிறாரா, செயலி புதிய பதிப்பா, அறை ஒலியடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே கணக்கை உலாவியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உலாவியில் தெரிந்தால் கைப்பேசிச் செயலியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தால் சரியாகிவிடும்.

ஒரு சர்வர்க்காரர்கள் எல்லாருக்கும் வரவில்லை என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதலில் அந்தச் சர்வர் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். பெரிய பொதுச் சர்வர்களும் நிற்பதுண்டு. 2025 செப்டம்பர் 2 அன்று மேட்ரிக்ஸ்.ஆர்க் சர்வர் தரவுத்தளக் கோளாறால் நின்றது, மீண்டுவர ஏறத்தாழ ஒரு நாள் ஆனது. அன்றும் பிற சர்வர்களில் இருந்தவர்கள் அதே அறைகளில் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இப்படிப்பட்ட நாளில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, காத்திருங்கள்.

அடுத்தது உங்கள் டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது இது உங்கள் சர்வர்தான் என்று பிறருக்குக் காட்டும் சான்று. எங்கள் சனிக்கிழமைக் குற்றவாளி இதுதான். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழ் 90 நாளில் முடிந்துவிடும். முன்பு காலாவதிக்கு முன்னால் மின்னஞ்சல் வரும். 2025 ஜூன் மாதத்திலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே அதை நம்பி இருக்காதீர்கள். எங்கள் சர்வரில் புதுப்பிக்கும் வேலை ஒழுங்காக நடந்து புதிய சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் சினாப்ஸுக்கு முன் நின்று இணைப்புகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருள் அதை மறுபடி படிக்கவில்லை, நினைவில் வைத்திருந்த பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பெற்றோருடைய செயலிகள் அதற்கு முன்பே திறந்திருந்த இணைப்பில் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மறுஏற்றக் கட்டளை, பத்து நொடி வேலை. புதுப்பித்ததும் மறுஏற்றம் நடக்கும்படி அன்றே அமைத்துவிட்டேன். நீங்களும் இன்றே பாருங்கள்: வட்டில் உள்ள சான்றிதழின் தேதி வேறு, உலாவியில் பூட்டுக் குறியை அழுத்தினால் தெரியும் தேதி வேறு என்று இருக்கலாம்.

சரிசெய்த பிறகும் செய்தி உடனே போகாது, அதைக் கண்டு பதற வேண்டாம். ஒரு சர்வரைத் தொட முடியாமல் போனால் சினாப்ஸ் முதலில் சுமார் 10 நிமிடம் பொறுத்து மறுபடி முயலும். தோற்கத் தோற்க அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் அறையில் ஒரு ‘வணக்கம்’ அனுப்பட்டும். அவர்கள் சர்வர் நம்மை வந்து தொட்டதும் நம் சர்வர் காத்திருப்பை விட்டுவிட்டு நிலுவையை அனுப்பத் தொடங்கும்.

பிறகு சர்வரின் கடிகாரம். நேரம் பெரிதாகத் தவறினால் சான்றிதழ் சோதனைகள் குழம்பும். நேர மண்டலம் சிங்கப்பூரா வேறா என்பது பொருட்டல்ல, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பதுதான் பொருட்டு.

எல்லா வெளிச் சர்வர்களோடும் ஒரே நாளில் தொடர்பு அறுந்தால் டொமைன் பெயரைப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்ததுதான் வழக்கமான காரணம். சிங்கப்பூரின் டாட் எஸ்ஜி பெயர் வாங்கியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பதிவு செய்த 21 நாட்களுக்குள் நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் மூலம் தன்னை உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும். மூன்று வாரம் அருமையாக ஓடிய சர்வர் திடீரென்று மறைந்ததாக யாராவது சொன்னால், அவருடைய மின்னஞ்சலில் திறக்கப்படாத ஒரு சிங்பாஸ் நினைவூட்டல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

டொமைன் பெயரை ஒருபோதும் கைநழுவ விடாதீர்கள். சினாப்ஸ் சர்வருக்கு வைத்த பெயரைப் பிறகு மாற்ற முடியாது. எல்லாருடைய பயனர்பெயரிலும் அது இருக்கிறது. இன்னொருவர் அந்தப் பெயரை வாங்கிவிட்டால் உங்கள் உறுப்பினர்களின் பெயரிலேயே அவர் கணக்குகளை உருவாக்கலாம்.

எப்போது ஆளை அழைப்பது: சர்வர் தன் செய்திகள் தன்னுடையவைதான் என்று காட்டப் பயன்படுத்தும் கையொப்பச் சாவிக் கோப்பு தொலைந்திருந்தாலோ, நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் தரவுத்தளப் பிழைகள் வரிசையாக வந்தாலோ நிறுத்துங்கள். முக்கியமாக, பழைய காப்புப்பிரதியை நீங்களாகத் திருப்பிப் போடாதீர்கள். நேற்றைய நிலைக்கு உங்கள் சர்வர் திரும்பிவிடும், மற்றச் சர்வர்கள் இன்றைய நிலையில் இருக்கும். அந்த முரண்பாட்டைப் பிரித்தெடுப்பது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

## “செய்தி வந்திருக்கிறது, படிக்க முடியவில்லை”

செய்திக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ‘மறையாக்கத்தை நீக்க முடியவில்லை’ என்று வரும். சர்வரைத் தொடாதீர்கள், சாவி சர்வரில் இல்லை.

புதுக் கைப்பேசி வாங்கியவர் என்றால் பழைய கைப்பேசியிலோ உலாவியிலோ திறந்துவைத்துப் புதுக் கருவியை உறுதிசெய்யச் சொல்லுங்கள். பழைய கருவி இல்லையென்றால் மீட்புச் சாவியைக் கேட்கும். விடுதித் தம்பி ஒருவர் தன் மீட்புச் சாவியைப் பணி அனுமதி அட்டையின் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். கைப்பேசி தொலைந்த அன்று ஐந்து நிமிடத்தில் எல்லாப் பாடக் குறிப்புகளும் திரும்பக் கிடைத்தன. எழுதி வைக்காதவர்களுக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அதனால் புதிதாகச் சேருபவரிடம் முதல் வேலையாகச் சாவியைத் தாளில் எழுதச் சொல்கிறேன், எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய செய்திகள் மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது கோளாறே அல்ல. அவர் வருவதற்கு முன் அனுப்பிய செய்திகளின் சாவி அவரிடம் இல்லை.

ஒருவர் அனுப்புவது மட்டும் எல்லாருக்கும் படிக்க முடியாமல் போனால் அனுப்புபவரின் கருவியில்தான் கோளாறு. செயலியைப் புதுப்பித்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய அறைக்கு மறையாக்கம் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. யாரும் உள்ளே வந்து படிக்கலாம் என்னும்போது அது யாரையும் காப்பதில்லை, மூத்தோரைத்தான் அலைக்கழிக்கிறது. ஒருமுறை போட்டால் அந்த அறையில் எடுக்கவும் முடியாது. விழாக் குழு அறையில் முதல் ஆண்டு போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு புதிய அறை திறந்தோம்.

## “அறைக்கு நிர்வாகியே இல்லை”

குழுவைத் தொடங்கியவர் ஊருக்குத் திரும்பிவிட்டார், அல்லது கடவுச்சொல்லை மறந்துவிட்டார், அல்லது காலமாகிவிட்டார். யாரையும் நீக்க முடியவில்லை, அறையின் பெயரைக்கூட மாற்ற முடியவில்லை.

உறுப்பினர் பட்டியலைத் திறந்து ஒவ்வொருவருடைய அதிகார எண்ணையும் பாருங்கள். வழக்கமாக நிர்வாகிக்கு 100, நெறியாளருக்கு 50, மற்றவர்களுக்கு 0. நெறியாளர் யாராவது இருந்தால் தொல்லை கொடுப்பவரை வெளியேற்றும் வேலையாவது நடக்கும். அதற்குள் நிதானமாக மேலே யோசிக்கலாம்.

அவர் அறையிலிருந்து வெளியேறியவர் மட்டும்தான், கணக்கு உயிரோடு இருக்கிறது என்றால் வருந்தாதீர்கள். அதிகாரம் பயனர்பெயரோடு ஒட்டியே இருக்கும். அவர் திரும்பி வந்தால் பழைய 100 அப்படியே இருக்கும். அழைத்து, இன்னொருவருக்கு 100 கொடுக்கச் சொல்லுங்கள்.

அவர் கடவுச்சொல்லை மறந்தவர், கணக்கு உங்கள் சர்வரிலேயே இருக்கிறது, இன்னும் அறையில் உறுப்பினர் என்றால் சர்வர் நடத்துபவர் சினாப்ஸின் நிர்வாக வசதி வழியாக இன்னொரு உள்ளூர் உறுப்பினரை அறை நிர்வாகி ஆக்கலாம். கணக்கு வேறு சர்வரில் என்றால் அந்தச் சர்வர் நடத்துபவரால்தான் முடியும். எழுதிக் கேளுங்கள், ஆனால் அறையில் உள்ள மற்றவர்களின் சம்மதத்தோடு கேளுங்கள். ஒருவருடைய பெயரில் இன்னொருவர் கை வைக்கும் வேலை இது.

எதுவும் நடக்காவிட்டால் புதிய அறைதான். பழைய அறையில் புதிய முகவரியை அறிவித்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழையுங்கள். எழுபது பேரைக் கொண்டுவர எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

இனி வராமல் இருக்க, இரண்டு நிர்வாகிகளை வேறு வேறு சர்வர்களில் வையுங்கள். ஒருவருக்கு 100 கொடுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள், 100 உள்ள ஒருவரை 100 உள்ள இன்னொருவரால் இறக்க முடியாது. ஒவ்வோர் அறையும் விதிகளின் ஒரு பதிப்பின்படி இயங்குகிறது. 2025இல் வந்த 12ஆம் பதிப்பு அறைகளில் உருவாக்கியவருக்கு எல்லா எண்களுக்கும் மேலான அதிகாரம் உண்டு, அதை யாராலும் பறிக்க முடியாது. அந்தப் பதிப்பில் அறை திறப்பதானால் உருவாக்கும் அந்தக் கணத்திலேயே நம்பகமான இன்னொருவரையும் கூடுதல் உருவாக்குநராகச் சேர்த்துவிடுங்கள்.

கிளை அறிகுறி: நீக்கியவர் தானாகத் திரும்பத் தெரிகிறார், மாற்றிய அமைப்பு பழையபடி ஆகிறது. யாரையும் சந்தேகிக்காதீர்கள். பழைய பதிப்பு அறைகளில் சர்வர்களுக்கிடையே எது கடைசி நிலை என்ற கணக்கு எப்போதாவது பிசகி, பழைய நிலை மேலே வந்துவிடும். எங்கள் புளோக் அறையில் இப்படி ஆனபோது இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டிக்கொண்டு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். மறுபடி ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மீண்டும் வந்தால் அறையைப் புதிய பதிப்புக்கு உயர்த்துங்கள். உயர்த்தினால் புதிய அறை பிறந்து பழையது அதற்கு வழிகாட்டும், உறுப்பினர்கள் ஒருமுறை அழுத்தி உள்ளே வர வேண்டும்.

## “அறை முழுக்கக் குப்பைச் செய்தி”

வரிசை முக்கியம். முதலில் கதவை மூடுங்கள், பிறகு பெருக்குங்கள். நுழையும் விதியை “அழைக்கப்பட்டவர்கள் மட்டும்” என்று மாற்ற சில நொடிகள்தான் ஆகும். அடுத்து, செய்தி அனுப்பத் தேவையான அதிகாரத்தைத் தற்காலிகமாக 50க்கு உயர்த்துங்கள். இப்போது நெறியாளர்கள் மட்டும்தான் பேச முடியும். அதன்பின் தொல்லைக் கணக்குகளைத் தடைசெய்து செய்திகளை நீக்குங்கள்.

மோசடிச் செய்தி என்றால் நீக்குவதற்கு முன் திரையைப் படம் பிடித்து வையுங்கள். மேட்ரிக்ஸில் காட்டும் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். குழுச் செயலாளரின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு ஒருவர் மூத்தோர் இருவரிடம் தனிச்செய்தியில் பணம் கேட்டார். பெயரை அழுத்தினால் ‘@’ உடன் தெரியும் முழுப் பயனர்பெயர் வேறாக இருந்தது. அதைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், அச்சிட்டுக்கூடக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். பணம் போய்விட்டது என்றால் உடனே வங்கி, அடுத்தது காவல்துறைப் புகார். அது உங்கள் கையில் தீர்க்கும் விஷயமல்ல.

ஒரே சர்வரிலிருந்து அலை அலையாகக் கணக்குகள் வந்தால் அந்தச் சர்வரையே அறைக்குள் வராமல் தடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் திருத்தும்போது கை நடுங்க வேண்டும் என்பேன். “அனுமதிக்கப்பட்டவை” வரி வெறுமையாகிவிட்டால் உங்கள் சர்வர் உட்பட எல்லாச் சர்வர்களும் வெளியே நிற்கும், திருத்த உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். இருவர் சேர்ந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள். பல அறைகள் இருந்தால் டிராப்னிர் போன்ற தானியங்கி ஒன்றை வைத்து ஒரே தடைப் பட்டியலை எல்லா அறைகளுக்கும் செலுத்தலாம்.

உங்கள் சர்வரிலிருந்தே குப்பை போகிறது என்று பிறர் புகார் செய்தால், யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கும்படி விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். உடனே மூடிவிட்டு, நீங்கள் தரும் குறியீடு இருந்தால்தான் கணக்குத் திறக்கலாம் என்ற பதிவு டோக்கன் முறைக்கு மாறுங்கள்.

## “படத்தை நீக்கிவிட்டேன், இன்னும் அவர்களுக்குத் தெரிகிறது”

ஒரு தாய் பெற்றோர் அறையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தவறுதலாகப் போட்டுவிட்டார். உடனே நீக்கினார். ஆனால் நீக்குவது என்பது மற்றச் சர்வர்களுக்கு அனுப்பும் ஒரு கோரிக்கைதான். நல்ல சர்வர்கள் மதிக்கும், கட்டாயப்படுத்த வழியில்லை. செய்தி மறைந்தாலும் படக்கோப்பின் பிரதி பிற சர்வர்களின் கிடங்கில் தங்கியிருக்கலாம்.

செய்தியை நீக்குங்கள். உங்கள் சர்வரின் கிடங்கிலிருந்து கோப்பை நிர்வாகி அழிக்கட்டும். அறையில் எந்தெந்தச் சர்வர்கள் இருக்கின்றன என்று பார்த்து ஒவ்வொன்றின் நடத்துநருக்கும் கோப்பின் முகவரியைக் கொடுத்து அழிக்கக் கேளுங்கள். நாங்கள் மூவருக்கு எழுதினோம், இருவர் அன்றே அழித்தார்கள்.

உங்கள் குழு பதிவு பெற்ற சங்கம் என்றால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்காத இடத்தில், ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காணும் தேவையும் இல்லாதபோது, அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்பது நிலை. ஆகவே பெயர்ப் பட்டியலை அறையில் போடும் வழக்கமே வேண்டாம். கசிந்த தகவல் கணிசமான தீங்கு விளைவிக்கக்கூடியதாக இருந்தாலோ, 500 அல்லது அதற்கு மேற்பட்டவர்களுடையதாக இருந்தாலோ தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டியது என்று முடிவானதும் 3 நாட்காட்டி நாட்கள்தான் அவகாசம். இந்த நிலைக்கு வந்துவிட்டால் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

## “எல்லாம் ஆமை வேகம்”

வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிற அறைகளிலிருந்து வந்த படங்களின் பிரதிகள் சத்தமில்லாமல் குவியும். பழைய வெளிப் படங்களைக் குறிப்பிட்ட நாளுக்குப் பின் தானாக அழிக்கும்படி அமைக்கலாம். தேவைப்பட்டால் மூலச் சர்வரிலிருந்து மறுபடி வரும்.

இடம் இருந்தும் மெதுவாக இருந்தால், உறுப்பினர் யாராவது அண்மையில் வெளிநாட்டுப் பேரறை ஒன்றில் சேர்ந்தாரா என்று கேளுங்கள். பல்லாயிரம் பேர் உள்ள அறையில் நம் சர்வரிலிருந்து ஒரே ஒருவர் சேர்ந்தாலும் அந்த அறையின் நிலை முழுவதையும் நம் சர்வர் சுமக்க வேண்டும். சிக்கலான அறைகளில் சேர்வதைத் தடுக்கும் அமைப்பு சினாப்ஸில் உண்டு. யார் இணைப்பில் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளியை நிறுத்தினாலும் சுமை குறையும், அதை யாரும் தேடவில்லை.

உங்கள் சர்வர் இன்னும் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் ஓடுகிறதா? அது சோதித்துப் பார்க்கத்தான். போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாற்றும் கருவி சினாப்ஸோடு வருகிறது. மாற்றுவதற்கு முன் சர்வரை நிறுத்தி முழுக் காப்புப்பிரதி எடுங்கள். அதில் தரவுத்தளம், அமைப்புக் கோப்பு, கையொப்பச் சாவி, படக்கிடங்கு நான்கும் இருக்க வேண்டும். இதை முதல்முறை செய்பவர் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். தரவுத்தளமே வீங்கிவிட்டது, வட்டு பிழை காட்டுகிறது என்றால் கட்டணம் கொடுத்தாவது ஆளைக் கூப்பிடுங்கள்.

## சின்னக் குறைகள்

படம் போகவில்லை, எழுத்து போகிறது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது, சினாப்ஸின் இயல்பு வரம்பு 50 எம்பி. முன்னதை உயர்த்துங்கள்.

அறிவிப்பு ஒலி வரவில்லை. ஆண்ட்ராய்டில் மின்கலச் சேமிப்பு செயலியைத் தூங்க வைத்திருக்கும். எலிமென்டுக்கு விலக்குக் கொடுங்கள்.

தமிழில் தேடினால் கிடைக்கவில்லை. மறையாக்கம் உள்ள அறையில் சர்வரால் தேட முடியாது. கணினியில் நிறுவிய எலிமென்ட் தன்னிடமுள்ள செய்திகளில் தேடும், உலாவியில் திறந்தது தேடாது. மறையாக்கம் இல்லாத அறையிலும் ‘கூட்டம்’ என்று தேடினால் ‘கூட்டத்தில்’ வராது, தமிழ் வேற்றுமை உருபைப் பிரித்தறியும் அறிவு அந்தத் தேடலுக்கு இல்லை. எங்கள் குழுவில் முக்கிய அறிவிப்பின் கடைசி வரியில் உருபு ஏறாத சொற்களை, ‘கூட்டம்’, ‘இடம்’, ‘கட்டணம்’ என்று தனியே போடுகிறோம்.

## ஆளை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

கோடு போட்ட அந்தத் தாள். குறை முதலில் தெரிந்த நேரம், நிமிடம் வரை. ‘!’ குறியில் தொடங்கும் அறையின் உள் அடையாளம், அமைப்புகளில் மேம்பட்டவை என்ற பகுதியில் இருக்கும். அறைப் பதிப்பு எண், சினாப்ஸ் பதிப்பு எண். டெஸ்டர் பக்கத்தின் திரைப்பிடிப்பு. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் பத்து நிமிட லாக், அதில் உறுப்பினர் பெயர்களை மறைத்துவிட்டுக் கொடுங்கள். கடைசியாக நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சிறிய மாற்றமாக இருந்தாலும். கையொப்பச் சாவியையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் எந்த அறையிலும் ஒட்டாதீர்கள், உதவ வந்தவர் கேட்டாலும்.